நிறுத்தச் சொல்லும் சொல்

1. மதராசி என்றால் கணக்கு

கனமான மெஷின்களை இடம் மாற்றும் வேலைக்கு நான் போன முதல் நாள், சிவ்ரி யார்டில் ஆட்களை மேய்த்த மேஸ்திரி, அங்கே அவரை முகாதம் என்பார்கள், என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கஹாங் கா ஹை?" எந்த ஊர்க்காரன் என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.

"மதராசி? அச்சா. ஆபீஸ் மே பைட்டோ. ஹிசாப் லிக்கோ."

கணக்கு எழுது என்கிறார். நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அதற்குள் தூத்துக்குடி ஹார்பர் கேன்டீனில் தட்டுக் கழுவி, விசாகப்பட்டினத்தில் மூட்டை தூக்கி, அம்பர்நாத்தில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் அட்டை வெட்டி, எங்கும் ஓராண்டுக்கு மேல் நிலைக்காமல், தாராவியில் ஒரு தோல் பட்டறையின் பரணில் படுத்துக்கொண்டிருந்தேன். அந்த முகாதத்துக்கு மதராசி என்றால் மாட்டுங்கா ஸ்டேஷனில் இஸ்திரி போட்ட சட்டையோடு வண்டி ஏறுகிற ஆபீஸ்காரர். மதராசிக்குப் பிறக்கும்போதே கணக்கு வரும் என்று அவர் நம்பினார்.

நான் பேனாவை மறுக்கவில்லை. நாற்காலி நிழலில் இருந்தது. மேலே ஃபேன் ஓடியது. அந்த வாரக் கடைசியில் டீசல் செலவு கயிற்றுச் செலவில் ஏறி, கயிறு மூங்கிலில் ஏறி, மூங்கில் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. முகாதம் பேனாவைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு கோபத்தைவிட வருத்தமாகக் கேட்டார்: "தூ கைசா மதராசி ஹை ரே?" நீ எல்லாம் என்னடா மதராசி?

அப்புறம் கையில் கடப்பாரையைக் கொடுத்தார். அது எனக்குச் சரியாக இருந்தது. இத்தனை வருஷமாக அதை வைத்தே பிழைக்கிறேன்.

லேபர் கேம்ப், தாராவி, கோவண்டி பக்கத்திலிருந்து புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தமிழ் படிக்க வராதவர்களுக்கு வருகிறவர்கள் வாசித்துக் காட்டுங்கள். கயிறு கட்டுவதும் ஜாக்கி வைப்பதும் வேலையில் தானாக வந்துவிடும். நான் சொல்லப்போவது தானாக வராது. எனக்கு வரவில்லை.

2. மலபார்க்காரன் என்றால் கலாசி

இப்போது நான் தங்கராஜ் அண்ணாச்சியின் ஆட்களுக்கு முகாதம். அண்ணாச்சி எங்கள் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டி அவருடைய ஆபீஸ். கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்ச், சங்கிலியால் தூக்கும் செயின் பிளாக், இரும்பு கர்டர், தண்டவாளத்துக்கு அடியில் போடுவார்களே அந்த ஸ்லீப்பர் கட்டைகள், எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

பார்ட்டி யாராவது வேலை கொடுக்க வந்தால் அண்ணாச்சி முதலில் மூசாவைக் கூப்பிட்டு நிறுத்துவார். "கேரளா கலாசி, சார். இவன் கை வெச்சா யானையே நகரும்." பார்ட்டிக்கு முகம் மலர்ந்துவிடும். மலபார் கலாசிகள் கப்பலையே கரையேற்றுகிறவர்கள் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

மூசா நிஜமாகவே கோழிக்கோடு பக்கத்து ஆள்தான். ஆனால் அவன் குடும்பத்தில் யாரும் கயிறு பிடித்ததில்லை. மாஹிமில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். அடுப்புச் சூட்டில் இருமல் பிடித்து, வேறு வேலை தேடி எங்களிடம் வந்தான். வந்த புதிதில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடத் தெரியாது. அண்ணாச்சி மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "கொஞ்ச நாள்ல ரத்தம் தானாப் பேசும்லே" என்பார்.

மூசா என்னிடம் தனியாகச் சொல்வான்: "அண்ணா, என்டெ ரத்தத்துல மைதா மாத்ரமாணு."

அவன் வேலையைக் கற்றுக்கொண்டது ஒரு கொங்கணிக் கிழவரிடமும் கொஞ்சம் என்னிடமும். நன்றாகவே கற்றுக்கொண்டான். ஆனால் அவன் பாடுபட்டுக் கற்றதற்கான பேரை எல்லாம் அவன் ஊர் தட்டிக்கொண்டு போய்விட்டது. எனக்கு அது அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

எங்கள் கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர். ஒருவன் எல்லையா, தெலங்கானாவில் பாலமூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரன். பேச்சு குறைவு, வேலையில் பதற்றம் இல்லை. மெஷினுக்கு அடியில் உருளும் பைப்புகளை எடுத்து வைப்பது அவன் பொறுப்பு. இன்னொருவன் ராம்பிரவேஷ். பீகாரில் சீவான் பக்கம். பீகார்க்காரன் என்றால் கை பலம், மூளை கிடையாது என்பது அண்ணாச்சி கணக்கு. பிரவேஷோ ஒல்லி. கட்டையைத் தூக்கினால் மூச்சிரைக்கும். அவனிடம் இருந்தது பொறுமையும் காதும். விஞ்ச் சுற்றுகிறவனுக்கு அதுதான் வேண்டும். சுற்றுகிறவன் பல நேரம் மெஷினைப் பார்க்கவே முடியாது. காதில் விழும் சொல்லை வைத்துத்தான் சுற்றுவான், நிறுத்துவான். அதனால் பிரவேஷை விஞ்சில் உட்கார வைத்தது நான். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை.

"பையாவப் போயி விஞ்ச்ல உக்கார வெச்சிருக்கியே, ஒனக்கு என்னலே ஆச்சு?"

மும்பையில் பீகார், யு.பி. ஆட்களை 'பையா' என்பார்கள். மரியாதைக்கு அல்ல. நம்மை 'அண்ணா' என்பார்கள். அதுவும் முக்கால்வாசி நேரம் மரியாதைக்கு அல்ல. நான் அண்ணாச்சியிடம் ஒருநாள் சொன்னேன்: "அண்ணாச்சி, பையான்னா அவன் பாஷைல அண்ணன்தான். நம்மள அண்ணாங்கான், அவன பையாங்கான். ரெண்டு பேரையும் அண்ணன்னு சொல்லித்தான் ஏசுதானுவ."

அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆமாலே, பெரிய கண்டுபிடிப்பு" என்றார். பேச்சு அதோடு போயிற்று.

3. செம்பூர்

செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முதல் மாடியில் புது ஸ்கேன் மெஷினை உட்கார வைக்க வேண்டும். நாலு டன்னுக்கு மேல் எடை. வெளிநோயாளிகள் வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்திருந்தார்கள். வெளிச்சுவரை இடித்து வழி திறந்து, அதன் முன்னால் கர்டரால் ஒரு மேடை கட்டினோம். கிரேன் மெஷினைத் தூக்கி மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டது. இனி உள்ளே இழுக்க வேண்டியது எங்கள் பாடு.

ஏற்பாடு இதுதான். மெஷினுக்கு அடியில் இரும்புப் பைப்புகள். அதன்மேல் மெஷின் உருளும். விஞ்ச் அறைக்குள் இல்லை. இடம் போதாததால் வெளியே வராந்தாவில், ஒரு தூணில் கட்டியிருந்தோம். அறைக் கோடியில் ஒரு கப்பி வைத்துக் கம்பிக்கயிற்றை அங்கே திருப்பியிருந்தோம். பிரவேஷ் வராந்தாவில். அவனுக்கு மெஷின் தெரியாது. எல்லையா அறைக்குள், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், குனிந்து பைப் வைத்துக்கொண்டிருந்தான். மூசா அவனுக்கு எதிர்ப்பக்கம். நான் பின்னால், மேடையில், கடப்பாரையோடு.

காலையிலிருந்து நான் ஹிந்தியில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்னால் போக "ஆகே, ஆகே." நிறுத்த "ருக்கோ." மெஷின் பாதி உள்ளே போய்விட்டது. பாதி வெளியே. அப்போது வானம் கறுத்தது. ஜூன் மாதம். நான் மெஷினின் பின்பக்கத்தைத் தார்ப்பாயால் மூடத் திரும்பினேன். பக்கத்துக் கட்டடத்தில் டிரில் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரு பைப் கோணிக்கொண்டது. மெஷின் நேரே போகாமல் சுவர்ப் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்தது. நடுவில் எல்லையா. அவன் கத்தினான். நிறுத்தச் சொல்லித்தான் கத்தினான், அது எனக்குப் புரிந்தது. விஞ்ச் நிற்கவில்லை. மறுபடி கத்தினான். விஞ்ச் இன்னும் வேகமாகச் சுற்றியது.

அடுத்து நடந்ததை நான் தார்ப்பாயின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மூசா ஒரு ஸ்லீப்பர் கட்டையை இரண்டு கையாலும் எடுத்து, மெஷினின் மேலாக நீட்டி, எல்லையாவின் விலா ஓரமாகச் சுவருக்கும் மெஷினுக்கும் குறுக்கே சொருகினான். எறியவில்லை, இடிக்கவில்லை. வழுக்கிவிட்டதுபோல் போய் உட்கார்ந்தது. மெஷின் வந்து கட்டையை நெருக்கியது. கட்டை முனகியது. நடுவில் ஒரு வெடிப்பு ஓடியது. உடையவில்லை. எல்லையா அந்தக் கட்டை மிச்சம் வைத்த இடத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவன் இடது கை உறை மட்டும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, கையில்லாமல் தொங்கியது.

நான் மேடையிலிருந்து மெஷினின் ஓரமாக உள்ளே புகுந்து வராந்தாவுக்கு ஓடி பிரவேஷின் கையைப் பிடித்தேன். அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். சொன்னபடிதானே செய்தேன் என்கிற பார்வை.

எல்லையாவை வெளியே எடுத்தோம். ஒரு விரல் நகம் போயிருந்தது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலேயே கட்டுப் போட்டார்கள். மூசாவிடம், எப்படிச் சொருகினாய் என்று கேட்டேன்.

"அடுப்புல ரொட்டித் தட்டு தள்ளுற மாதிரி, அண்ணா. நீளப் பலகை வெச்சு. வேற ஒண்ணும் எனக்கு ஓர்மை வந்தில்ல."

எத்தனை பார்ட்டியிடம் இவன் கலாசி ரத்தம் என்று சொல்லியிருப்போம். ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றியது பேக்கரிக்காரன் கை.

அதற்குள் ஆஸ்பத்திரி நிர்வாகம் பார்க்கும் அம்மா கீழே இறங்கி வந்துவிட்டார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அண்ணாச்சியும் வந்து சேர்ந்திருந்தார். கீழே கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் நின்றோம். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"என்ன மிஸ்டர் தங்கராஜ், இந்த பையாக்களை நம்பியா இவ்வளவு பெரிய வேலையைக் குடுத்திருக்கேள்? உள்ள ஒரு உயிர் போயிருந்தா? அந்த ஆள் இனிமே மேல ஏறப்படாது. சொல்லிட்டேன்."

அந்த அம்மா தமிழில்தான் சொன்னார். ஆனால் 'பையா' என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். பிரவேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"மேடம், நான் அப்பவே சொன்னேன்" என்று அண்ணாச்சி என்னைக் காட்டினார். "இவன்தான் கேக்கல. பையாகாரனுக்குக் கை இருக்கும், மண்டைல ஒண்ணும் ஏறாது. தம்பாக்குப் பொயிலையப் போட்டுக்கிட்டு எங்கயாவது வாயப் பாத்துக்கிட்டு இருந்திருப்பான். இப்பமே தாராவிக்குப் போன் போடுதேன். நம்ம பயலுவ வந்து இழுத்துருவானுவ." பிரவேஷைப் பார்த்து, "தூ ஜா. கல் சே மத் ஆ" என்றார். போய்விடு, நாளை முதல் வராதே.

நாளை முதல் வராதே என்றால் அது அண்ணாச்சி ஒருவரோடு நிற்காது. எங்கள் தொழிலில் பத்துப் பதினைந்து கான்ட்ராக்டர்கள், எல்லோரும் ஒரே டீக்கடைதான். எல்லையாவை நசுக்கப் பார்த்த பையா என்று பேர் ஆகிவிட்டால் மும்பையில் அவனை யாரும் விஞ்ச் பக்கம் விடமாட்டார்கள். போன மாதம்தான் மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து அழைத்து வந்து மான்கூர்தில் அறை எடுத்திருந்தான்.

பிரவேஷ் போகவில்லை. எல்லையாவிடம் போய் நின்றான்.

"தூ போல். தூனே கியா போலா, வோ போல் சப்கோ." நீ சொல்லு, நீ என்ன சொன்னாய் என்று எல்லோருக்கும் சொல்லு.

எல்லையாவுக்கு அதுவரை அடக்கிவைத்திருந்த கோபம் வந்தது. "மை கியா போலா? சில்லாயா! ஆகு! ஆகு! போல்கே சில்லாயா!" ஆகு, ஆகு என்று கத்தினேனே என்கிறான்.

"ஹாங்! ஆகே! ஆகே போலா! தோ பார் போலா!" ஆமாம், இரண்டு தடவை ஆகே என்று சொன்னாய் என்றான் பிரவேஷ்.

"ஆகு!"

"ஆகே!"

இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்று ஒரே சொல்லைக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சொல்வதை மற்றவன் ஒப்புக்கொள்கிறான். ஆனாலும் சண்டை. அந்த அம்மா புரியாமல் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் விசாகப்பட்டினத்தில் இருந்தவன். தெலுங்கில் 'ஆகு' என்றால் நில். ஹிந்தியில் 'ஆகே' என்றால் முன்னால். காலையிலிருந்து என் வாயிலிருந்து 'ஆகே, ஆகே' என்றே கேட்டுப் பழகிய காது பிரவேஷுடையது. நடுவில் சுவர். பக்கத்தில் டிரில். ஒரு மனிதன் நில், நில் என்று உயிருக்குக் கத்த, இன்னொரு மனிதன் அதை இழு, இழு என்று கேட்டு, குரலில் இருந்த அவசரத்தால் இன்னும் வேகமாக இழுத்திருக்கிறான். சொன்னவனும் சரியாகச் சொன்னான். கேட்டவனும் சரியாகக் கேட்டான்.

மூசாதான் முதலில் வாயைத் திறந்தான். படைத்தவனே என்று கூப்பிடுவதுபோல் "படச்சோனே" என்றான்.

நான் தமிழில் அண்ணாச்சிக்கும் அந்த அம்மாவுக்கும் சொன்னேன். ஹிந்தியில் பிரவேஷுக்குச் சொன்னேன். எனக்குத் தெரிந்த தெலுங்கில் எல்லையாவுக்குச் சொன்னேன். மூன்று முறை ஒரே விஷயத்தைச் சொல்லி முடித்தேன். எல்லையா, "பத்து வருஷமா பம்பாய்ல ஹிந்தி பேசுறேன். எனக்கு 'ருக்கோ' தெரியாதா?" என்று ஹிந்தியில் தன்னையே கேட்டுக்கொண்டான். பிறகு அவனே பதிலும் சொன்னான்: "அந்த நேரத்துல வாயில அம்மா பாஷைதான் வந்தது."

அண்ணாச்சி விடவில்லை. "சரிலே, வெளங்குது. இப்ப மெஷினு பாதி வெளிய கெடக்கு, மழ வருது. தமிழ்ப் பயலுவள வெச்சு இழுத்தா இந்தக் கொழப்பமே இல்லேல்லா?"

"பைப் வைக்க எல்லையா வேணும் அண்ணாச்சி. அவன் தமிழ் இல்ல. அவன் வாயிலயிருந்து 'ஆகு' வந்தா நம்ம பய என்னன்னு நெனைப்பான்? எதையோ ஆக்கச் சொல்லுதான்னு நெனைப்பான்."

மூசா சிரித்துவிட்டான். அந்த அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அப்புறம் அவரே கேட்டார்: "அப்போ எல்லாருக்கும் பொதுவா ஒரு வார்த்தை கிடையாதா? உங்க தொழில்ல?"

அவர் சும்மா கேட்டார். எனக்கு அது சும்மா விழவில்லை. நான் எல்லையாவிடம் கேட்டேன்: "முன்னால அணைக்கட்டு வேலைக்குப் போனியே, அங்க கயிற்றைத் தளர்த்தி இறக்கணும்னா என்ன சொல்வீங்க?"

"ஆரியா" என்றான்.

பிரவேஷ் சட்டென்று நிமிர்ந்தான். அவன் மும்பைக்கு வருமுன் தன் சித்தப்பாவோடு கல்கத்தா கிதர்பூர் டாக்கில் வேலை பார்த்தவன். "ஹமாரே உதர் பீ ஆரியா" என்றான். எங்கள் பக்கமும் அதுதான்.

"எங்கடேயும் ஆரியா தன்னே" என்றான், ஊர்க் கடற்கரையில் அதைக் கேட்டு வளர்ந்த மூசா. "இழுத்துத் தூக்கணும்னா ஆவீஸ்."

"ஹாபிஸ்" என்றான் பிரவேஷ்.

"ஆபேஸ்" என்றான் எல்லையா.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் வெற்றிலை போடுவதை நிறுத்தியிருந்தார்.

"எங்கப்பா தூத்துக்குடி ஹார்பர்ல இதத்தாம்லே சொல்லுவாரு" என்றார். "ஆரியா, ஆவிஸு. நான் சின்னப் பயலா அங்க சோறு கொண்டு போவேன். தூரத்துலயே இந்தச் சத்தம் கேக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "கல்கத்தாவுலயுமா?"

கல்கத்தாவிலும். கோழிக்கோட்டிலும். கடலையே பார்க்காத பாலமூர் ஆளின் அணைக்கட்டிலும். கப்பல்காரர்கள் கொண்டுவந்த சொற்கள் என்பார்கள். போர்த்துக்கீசியன் சொல் என்று ஒருவர் சொன்னார், எனக்கு நிச்சயமாகத் தெரியாது. யார் கொண்டுவந்தாலும், கரையெல்லாம் சுற்றிக் கயிறு பிடித்தவன் வாய் வழியாகவே போய், ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ச் சொல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்று பேரும் தனித்தனியாக அதைத் தன் ஊர்ச் சொல் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் என்னிடம் 'ஆகே', 'ருக்கோ' என்று வேலை செய்திருக்கிறார்கள். நான் தூத்துக்குடியில் கேட்டவன், விசாகப்பட்டினத்தில் கேட்டவன். எனக்கும் தோன்றவில்லை. எத்தனை பெரிய தேசம் இது, எத்தனை சின்ன ஒரு சொல்லில் போய் ஒன்றாக நிற்கிறது என்று அந்தக் கார் நிறுத்துமிடத்தில் நின்று யோசித்தேன்.

"ஏல" என்றார் அண்ணாச்சி, குரலைத் தாழ்த்தி. "நம்மூர்ல மட்டும் இந்த 'ஆரியா'வச் சத்தமாச் சொல்லிராதீய. மேடை போட்டு ஏசுவானுவ."

ஆனாலும் முடிவு சொல்ல வேண்டியது அண்ணாச்சியும் இல்லை, நானும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் மறுபடி போய்க் குனிய வேண்டியவன் எல்லையா. வராந்தாவில் கண்ணுக்குத் தெரியாமல் விஞ்ச் பிடிக்கப்போவது பிரவேஷா, வேறு ஆளா என்பதை அவன்தான் சொல்ல முடியும். நான் அவனிடம் கேட்டேன். அவன் மாட்டேன் என்றிருந்தால் நான் பிரவேஷை அனுப்பித்தான் இருப்பேன். அதையும் சொன்னேன்.

எல்லையா கட்டுப் போட்ட விரலைப் பார்த்தான். பிரவேஷைப் பார்த்தான்.

"இவன் நான் சொன்னதைத்தான் செஞ்சான்" என்று ஹிந்தியில் சொன்னான். "நான் சொன்னா செய்யறவன்தான் எனக்கு வேணும்." அப்புறம் மூசாவிடம் கையை நீட்டினான். "உன் கை உறையைக் குடு. என்னுது மேல மாட்டிக்கிட்டு இருக்கு."

அந்த அம்மா அண்ணாச்சியிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் சொன்னதை அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிட வேண்டாம்." பிரவேஷுக்கு அது அப்போதே புரிந்துவிட்டது என்று அண்ணாச்சி சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மேலே போனோம். ஜாக்கி வைத்து மெஷினை நேராக்கி, வெடித்த கட்டையை உருவி, பைப்பைத் திருத்தினோம். டிரில்காரனிடம் அண்ணாச்சியே போய்ப் பேசி நிறுத்தி வைத்தார். இழுக்க ஹாபிஸ், தளர்த்த ஆரியா. நிறுத்த மட்டும் வாய்ச் சொல் வேண்டாம், விசில். ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடம் ஒன்றை இரவல் வாங்கி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இந்த முறை குரல் கொடுப்பது நான் இல்லை, எல்லையா.

அவன் அதே இடத்தில் போய்க் குனிந்தான். முதுகு சுவரில் உரசியது. அந்த அம்மா கதவோரம் வந்து நின்றார்.

"ஹாபிஸ்" என்றான் எல்லையா. கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவனிடம் உப்பு கேட்பதுபோல் சொன்னான்.

வராந்தாவிலிருந்து விஞ்சின் பல் சக்கரம் டிக், டிக், டிக் என்றது. கம்பிக்கயிறு விறைத்தது. நாலு டன் மெஷின் ஒரு விரற்கடை நகர்ந்தது.

"ஹாபிஸ்."

இன்னும் ஒரு விரற்கடை. பின்னால் வெளிவந்த பைப்பை மூசா எடுத்துக் கொடுக்க, எல்லையா முன்னால் வைத்தான். ஒருமுறை அவனுக்குச் சந்தேகம் வந்து, "ஆரியா" என்றான். வராந்தாவில் சத்தம் அந்தக் கணமே மாறியது. கயிறு இளகியது. நான் எத்தனையோ மெஷின் நகர்த்தியிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒருவன், சுவருக்கு அந்தப்பக்கம், இன்னொருவன் உதட்டைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் வேலை செய்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அன்று விசிலுக்கு வேலையே வரவில்லை.

மெஷின் உள்ளே முழுதும் போனதும் மழை கொட்டியது. எல்லையா சுவரோரம் கிடந்த தன் பழைய கை உறையை எடுத்தான். அப்பளம்போல் நசுங்கியிருந்தது. அதை வராந்தாவுக்குக் கொண்டுபோய் பிரவேஷின் தலையில் தொப்பிபோல் வைத்துவிட்டு வந்தான். பிரவேஷ் அதை எடுக்காமலேயே விஞ்சைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் அழுதுகொண்டிருந்ததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

4. முதல் கேள்வி

விசிலை அன்று முதல் நான் கழுத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் விசிலை நான் முழுதாக நம்புவதில்லை. இதைப் புது ஆட்கள் கவனமாகக் கேட்க வேண்டும். வேலை ஒழுங்காகப் போகும்போது பொதுச் சொல் போதும். பயம் வந்தால் மனிதன் விசிலைத் தேடமாட்டான், ஹிந்தியைத் தேடமாட்டான். அவன் வீட்டில் எதைக் கேட்டு வளர்ந்தானோ அதுதான் வாயில் வரும். அந்த நேரத்தில் அது பக்கத்தில் இருக்கிறவனுக்குப் புரிய வேண்டும். பையா இப்படித்தான், அண்ணா இப்படித்தான் என்று தெரிந்துவைத்திருப்பதால் ஒரு கட்டைகூட நகராது. அவன் நில் என்பதற்கு என்ன சொல்வான் என்று தெரிந்துவைத்திருந்தால் ஒரு உயிர் மிஞ்சும்.

போன வாரம் ஐரோலியில் ஒரு வேலைக்கு ஒடிசாவிலிருந்து புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எந்த ஊர் என்று எல்லா யார்டிலும் கேட்கிற கேள்விக்குத் தயாராக நின்றார். அண்ணாச்சி வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

நான் ஹிந்தியில் கேட்டேன்: "உங்க பாஷையில, திடீர்னு பயந்துட்டா, நிறுத்தச் சொல்லி என்னன்னு கத்துவீங்க?"

அவர் குழம்பினார். அப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "ருஹ."

மூசா சொல்லிப் பார்த்தான். எல்லையா சொல்லிப் பார்த்தான். அண்ணாச்சி வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அவரும் சொல்லிப் பார்த்தார். பிரவேஷ் மட்டும் விஞ்ச் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, அவர் எதிரில் நின்று, இன்னொரு முறை சொல்லச் சொன்னான். இந்த முறை கத்திச் சொல்லுங்கள் என்றான்.